பொம்மை இருப்புப்பாதையும் பலர் தரும் பொருளும்

"பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஒருவன் தாங்கவியலாத பாரத்தைப் பலர் பகிர்ந்து கொள்வராயின், அஃது ஒவ்வொருவர்க்கும் பல்குச்சியளவே ஆகும் என்பது அதன் கருத்து. இக்காலத்தில் 'திரள்நிதி' என வழங்கும் முறை இம்மொழியின்மேல் எழுந்ததே. ஒரு பொருளைச் செய்ய விரும்புவோன், அதனைச் செய்யுமுன்னரே, அதனை வேண்டுவோர் பலரிடமிருந்து சிறு சிறு தொகைகளாக முதல் திரட்டிக் கொள்ளுதலே திரள்நிதியாகும். இதன் நலந்தீங்குகளை ஒரு சிறு பொருளைக்கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். அப்பொருள், சிறுவர் அடுக்கி விளையாடும் பொம்மைச் செங்கற்களால் ஆன புகைவண்டி ஓடும் தண்டவாளம். பொருள் சிறிதேயெனினும், கணிதம் பயில்வார்க்கும் பொறியியல் பயில்வார்க்கும் வாணிகம் பயில்வார்க்கும் இதனிடத்தே ஒரு பாடம் உண்டு.

1. பொம்மையின் வரலாறு

டென்மார்க்கு தேசத்தில் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்னும் தச்சர் ஒருவர் 1932-ஆம் ஆண்டில் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் 'லெக் கோட்' என்னும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934-இல் தம் தொழிலகத்திற்கு 'லெகோ' எனப் பெயரிட்டார். பின்னர்ப் பிளாஸ்டிக்கில் கற்கள் வார்க்கப்பட்டன. மேலே குமிழும் உள்ளே குழலும் அமைந்து, ஒன்றையொன்று இறுகப் பற்றும் கல்லிற்கு 1958-இல் அவர் மகனார் கோட்ஃபிரெட் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 8 மில்லிமீட்டர். இவ்வளவே அவ்விளையாட்டு முழுமைக்கும் அடிப்படை அளவாகும்.

1966-ஆம் ஆண்டில் இக்கற்களாலாய புகைவண்டியும் அதற்குரிய தண்டவாளமும் விற்பனைக்கு வந்தன. முதலில் 4.5 வோல்ட்டு மின்கலத்தாலும், 1969 முதல் 12 வோல்ட்டு மின்சாரத்தாலும் வண்டிகள் ஓடின. 1991-இல் 9 வோல்ட்டு முறை வந்தது. இம்முறையில் தண்டவாளத்தின் தலைமீது உலோகத் தகடு போர்த்தப்பட்டிருக்கும். மின்சாரம் அத்தகட்டின் வழியே சென்று வண்டியின் மோட்டாரை அடையும். பின்னர் 2006-இல், உலோகமே இல்லாத முழுப் பிளாஸ்டிக் தண்டவாளமும், மின்கலத்தை வண்டியிலேயே ஏற்றிச்செல்லும் முறையும் வந்தன. அடுத்துவந்த சில ஆண்டுகளில் உலோகத் தண்டவாளம் கடைகளினின்றும் மறைந்தது. அதனையே பல்லாண்டு சேர்த்து வைத்திருந்த வளர்ந்தோர் பலர்க்கு இது பெருங்குறையாயிற்று. இதனோடு வேறொரு குறையும் இருந்தது. அது வளைவு பற்றியது.

2. வளைவின் கணிதம்

லெகோவின் வளைவுத் தண்டவாளங்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு முழு வட்டமாகும். எனவே ஒவ்வொன்றும் 22.5 பாகை. அவ்வட்டத்தின் ஆரம், பாதையின் நடுக்கோட்டளவில் 40 குமிழ், அஃதாவது 320 மில்லிமீட்டர். சிறுவர் அறையில் இவ்வட்டம் எளிதில் அடங்கும். ஆயின் நீண்ட வண்டிகட்கு இது மிகக் குறுகிய வளைவாகும்.

ஒரு வண்டியில் இரு போகிகளின் மையங்கட்கு இடையே 200 மில்லிமீட்டர் உள்ளதெனக் கொள்வோம். போகிகள் இரண்டும் பாதைமேல் நிற்க, வண்டியின் நடுப்பகுதி வட்டத்தின் உட்புறமாக விலகும். 40 குமிழ் ஆரத்தில் இவ்விலகல் சுமார் 16 மில்லிமீட்டர். இஃது இரண்டு குமிழ் அகலம். 104 குமிழ் ஆரமுள்ள, அஃதாவது 832 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் அதே வண்டியின் விலகல் சுமார் 6 மில்லிமீட்டரே. முன்னதில் வண்டி நிலையத் தூணில் இடித்துப் பாதையினின்றும் வழுவக்கூடும். பின்னதில் மெய்யான புகைவண்டியைப்போல் அழகுறத் திரும்பும். ஆதலின் அகன்ற வளைவுகளை விரும்பினோர் பலர். ஆயினும் அவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தனர். ஒரு பெருந்தொழிலகம் இலட்சக்கணக்கிலே விற்கும் பண்டத்தையே நாடுதல் இயல்பு. சிதறிக் கிடப்போர் சில ஆயிரவர்க்காக அது புதிய அச்சுச் செய்ய முன்வாராமை குற்றமாகாது. அவ்வெற்றிடத்தில் சிறு தொழிலாளர் புகுந்தனர்.

3. அச்சின் அருமை

சிறு தொழிலாளர்க்குத் தடையாய் நிற்பது பிளாஸ்டிக்கின் விலையன்று, அச்சின் விலையே. இக்கற்கள் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதனை உருக்கி, எஃகில் குடைந்த அச்சினுள் மிக்க அழுத்தத்தோடு புகுத்திக் குளிர்விப்பர். அச்சு ஒருமுறை அமைந்துவிடின் பின்னர் ஒவ்வொரு தண்டவாளமும் சில காசுக்கே கிடைக்கும். ஆனால் முதல் தண்டவாளம் பிறக்குமுன்னரே அச்சின் விலை முழுவதும் செலவாகியிருத்தல் வேண்டும்.

அச்சுக் குடைதலும் எளிதன்று. ஏ.பி.எஸ். குளிரும்போது ஆயிரத்தில் 4 முதல் 7 பங்கு வரை சுருங்கும். 104 குமிழ் ஆரத்தில் முப்பத்திரண்டு துண்டுகளால் வட்டம் அமைப்பின், ஒரு துண்டு நடுக்கோட்டில் சுமார் 163 மில்லிமீட்டர் நீளும்; அதன் சுருக்கம் 0.65 முதல் 1.14 மில்லிமீட்டர் வரை ஆகலாம். அச்சுச் செய்வோன் இச்சுருக்கத்தை முன்கூட்டி மதித்து அச்சினைப் பெரிதாகக் குடைய வேண்டும். மதிப்புத் தவறின் திருத்தம் தேவை. எஃகினை இன்னும் சிறிது குடைந்தெடுத்தல் எளிது. குடைந்த எஃகினை மீண்டும் நிரப்புதல் அரிது. ஆதலின் அறிந்த தொழிலாளி முதலில் சிறிது குறைவாகவே குடைந்து, மாதிரி வார்த்து, அளந்து, பின்னரே திருத்துவான். இதற்குப் பொறுமையும் நாளும் பொருளும் வேண்டும்.

சிறு பிழையால் என்ன கேடு எனின், கூறுதும். நாற்பது குமிழ் வளைவுத் துண்டு, ஆரம் மாறாது, 22.5 பாகைக்குப் பதிலாக 22.3 பாகையாக வார்க்கப்பட்டதெனின், பதினாறு துண்டுகளிலும் சேர்ந்து 3.2 பாகை குறையும். வட்டம் மூடாது சுமார் 18 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். நூற்றுநான்கு குமிழ் வளைவிலோ, அதே 0.2 பாகைப் பிழை முப்பத்திரண்டு துண்டுகளிலும் பெருகி, இடைவெளி சுமார் 93 மில்லிமீட்டராகும். வளைவு அகல அகலத் திருத்தமும் மிக வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உலோகத் தண்டவாளமாயின் இடர் இரட்டிக்கும். தகட்டினை வெட்டி வளைக்க வேறோர் அச்சு வேண்டும். அன்றியும், நேர்த்துண்டு ஒன்று 16 குமிழ் நீளம், அஃதாவது 128 மில்லிமீட்டர். பத்து மீட்டர்ப் பாதையில் சுமார் 78 பொருத்துவாய்கள் இருக்கும். அவற்றுள் ஒவ்வொன்றிலும் தகடும் தகடும் நன்கு தொட்டால்தான் மின்சாரம் தடையின்றி ஓடும்.

4. பலர் தரும் பொருள்

இவ்வச்சின் விலையைப் பலரிடமிருந்து திரட்டலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 1885-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் விடுதலைச் சிலையின் பீடத்திற்குப் பொருள் போதாதபோது, ஜோசப் புலிட்சர் தமது 'வோர்ல்டு' பத்திரிகையின் வாயிலாகப் பொதுமக்களை வேண்டினார். ஐந்து திங்களில் சுமார் 1,60,000 பேர் ஓரிலட்சம் டாலருக்கு மேல் தந்தனர்; அவருள் பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. ஆயின் அவர்கள் தந்தது நன்கொடை. கைம்மாறாகப் பண்டம் எதனையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

2009-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையதளம் இம்முறையைத் தொழில் முயற்சிகட்கும் விரித்தது. செய்வோன் ஓர் இலக்குத் தொகையும் நாளும் குறிப்பான். அந்நாளுக்குள் இலக்கு நிறைந்தால் வாக்களித்தோரிடமிருந்து பணம் பெறப்படும். நிறையாவிடின் ஒருவர் காசும் எடுக்கப்படாது. 2010-க்குப் பின்வந்த ஆண்டுகளில் பொம்மைத் தண்டவாளம் செய்ய விழைந்த சிறு தொழிலாளர் சிலர் இவ்வழியை நாடினர். பிரிக்டிராக்ஸ் என்னும் அமெரிக்கச் சிறு தொழிலகம் 104 குமிழ் ஆரமுள்ள வளைவுகளைச் செய்தளித்தது. 9 வோல்ட்டு முறைக்கு இசைந்த உலோகத் தண்டவாளத்தை எஃப்எக்ஸ் பிரிக்ஸ் என்னும் மற்றொரு தொழிலகம் புதிதாக உருவாக்கிற்று. பெருந்தொழிலகம் கைவிட்டதனை அன்பர் பலரின் ஆர்வம் மீட்டுத் தந்தது எனலாம்.

5. இலக்கின் கணக்கு

இனி, இம்முறையின் உயிர்நிலையை ஆராய்வாம். அஃது இலக்குத் தொகை. கணக்கின் பொருட்டுச் சில தொகைகளைக் கற்பித்துக் கொள்வோம். அச்சின் விலை 20,000 டாலர். ஒரு துண்டு வார்க்க அரை டாலர். முப்பத்திரண்டு துண்டுகள் கொண்ட ஒரு வட்டத்திற்கு 16 டாலர். பெட்டிக்கும் அஞ்சலுக்கும் 9 டாலர். எனவே ஒருவர்க்கு அனுப்பச் செலவு 25 டாலர். அவர் தருவது 60 டாலர். இணையதளத்தின் கட்டணமும் பணம் மாற்றும் கட்டணமும் நூற்றுக்கு 9 எனின் 5.40 டாலர் கழியும். அச்சிற்கு எஞ்சுவது 29.60 டாலர். ஆகவே அச்சின் விலையைத் தேற்ற 676 பேர் வேண்டும். இலக்கு 40,560 டாலராக இருத்தல் வேண்டும்.

கணக்கறியாதவன் ஒருவன், அச்சின் விலை 20,000 தானே என எண்ணி, அதனையே இலக்காக வைத்தானெனின் என்ன நிகழும்? 334 பேர் வந்தவுடன் அவன் இலக்கு நிறைந்துவிடும். அவனும் மகிழ்வான், அவரும் மகிழ்வர். ஆனால் கட்டணமும் அனுப்பும் செலவும் போக அச்சிற்கு எஞ்சுவது சுமார் 9,886 டாலரே. அச்சிற்குப் பாதிப் பொருளும் இல்லை. தண்டவாளம் தருவதாகச் சொன்ன சொல்லோ 334 பேரிடம் நிற்கிறது. இலக்கு நிறையாத திட்டத்தால் எவர்க்கும் இழப்பில்லை. குறைத்துக் கேட்டு வென்ற திட்டமே அனைவர்க்கும் இழப்பைத் தரும். தோல்வியினும் கொடிய வெற்றி ஒன்றுண்டு என்பதை இக்கணக்கு நமக்குக் காட்டுகின்றது.

இதனோடு அச்சுத் திருத்தத்திற்கு மேலும் 3,000 டாலர் வேண்டுமெனின், தேவையானோர் 778 பேராவர். முன்பு கூறிய சுருக்கத்தையும் பாகைப் பிழையையும் நினைவிற்கொள்வோர், திருத்தத்திற்கென ஒரு தொகையை ஒதுக்காது இலக்கு வகுத்தலாகாது. இவ்வாறு பொறியியல் கணக்கும் வாணிகக் கணக்கும் ஒன்றாகவே இயலுகின்றன.

6. உரிமையும் கடமையும்

பிறர் கல்லோடு பொருந்தும் பண்டம் செய்தல் முறையாமோ எனச் சிலர் ஐயுறலாம். காப்புரிமை என்பது குறித்த காலத்திற்கே உரியது. 1958-இல் கேட்கப்பட்ட உரிமையின் காலம் கழிந்துவிட்டது. பயன்பாட்டின் பொருட்டு அமைந்த வடிவினை வாணிகக் குறி என்னும் பெயரால் என்றைக்கும் தனக்கே உரியதாக்கிக் கொள்ளல் இயலாதெனக் கனடா நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010-இலும் இக்கற்களைப்பற்றியே தீர்ப்பளித்தன. ஆயினும் 'லெகோ' என்னும் பெயர் அத்தொழிலகத்தின் உடைமை. அதனைத் தன் பண்டத்திற்குப் பெயராகச் சூட்டுதல் தகாது. இசைந்த தண்டவாளம் எனக் கூறலாம். அவர்தம் தண்டவாளம் எனக் கூறலாகாது.

இனிப் பொருள் தருவோர் அறிய வேண்டுவதும் உண்டு. 'கிக்ஸ்டார்ட்டர் கடையன்று' என அத்தளத்தாரே 2012-இல் அறிவித்து, பண்டத்தின் மெய்யான மாதிரியைக் காட்டாது, கணிப்பொறியில் தீட்டிய படத்தைக் காட்டிப் பணம் கேட்டலைத் தடுத்தனர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈத்தன் மாலிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வடிவமைப்பு, தொழில்நுட்பம் பற்றிய திட்டங்களில் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டவை சொன்ன நாளில் பண்டம் தரவில்லை எனக் கண்டார். 2015-இல் அவரே செய்த மற்றோர் ஆய்வில், இலக்கு நிறைந்த கிக்ஸ்டார்ட்டர்த் திட்டங்களில் நூற்றுக்கு 9 சொன்ன பண்டத்தைத் தரவேயில்லை எனத் தெரிந்தது. எனவே தருவோன் தான் வாங்குவோனல்லன், ஒரு முயற்சியில் பங்கு கொள்வோன் என உணர்ந்து, இழக்கத்தக்க அளவே தருதல் அறிவுடைமை. பெறுவோனும், தான் பெற்றது இலாபமன்று, பிறர் நம்பிக்கை என உணர்தல் வேண்டும். தாமதம் நேரின் அதனை ஒளியாது உரைத்தலும், முடியாது போயின் செலவுக் கணக்கைக் காட்டி எஞ்சியதைத் திருப்பித் தருதலும் அவன் கடமையாகும்.

மாணவ நண்பர்களே! பல்குச்சிகள் பத்துச் சேர்ந்து ஒரு சுமையாவது உண்மையே. ஆயின் அச்சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்பவன் ஒருவனே. எத்தனை குச்சி வேண்டும், எவ்வளவு தொலைவு சுமக்க வேண்டும் என்பதைப் பிறரிடம் கை நீட்டுமுன் அவன் கணக்கிட்டு அறிந்திருத்தல் வேண்டும். நம்முள் சிலர் நாளை ஒரு சங்கத்திற்காகவோ தொழிலுக்காகவோ பலரிடம் பொருள் கேட்க நேரலாம். அப்பொழுது, குறைத்துக் கேட்டுப் பெறுதலினும் உள்ளபடி கேட்டு இழத்தல் நன்று என்னும் இச்சிறு தண்டவாளத்தின் பாடம் நினைவிற்கு வருமாயின், இதனை எழுதிய உழைப்புப் பயனுடையதாகும்.