குளிசை அட்டையை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: டெங்குக் காய்ச்சலில் 24 வயது மகன் ஒரே நாளில் 14 பனடோல் போட்டுவிட்டான். வாந்தி எடுத்ததும் பாதையேறிக் களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டுபோனோம். மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். சாதாரணக் குளிசை ஈரலை எப்படிக் கெடுக்கும்? இனிக் கொடுக்கலாமா?
– வாசகி, மண்டூர்

கொடுக்கலாம் அக்கா, பயப்படாதீர்கள். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பனடோலில் உள்ள இதே பரசிற்றமோல்தான். அதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

பரசிற்றமோலில் சிறு பங்கை ஈரல் கலம் நச்சாக மாற்றுகிறது. கலத்திலுள்ள குளுட்டதயோன் அதை உடனுக்குடன் அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டதயோன் தீர்ந்துபோகும். சோறு தண்ணி இறங்காத காய்ச்சல்காரனுக்கு இன்னும் கெதியாகத் தீரும். பிறகு நச்சு, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளைத் தாக்க, சக்தியில்லாமல் கலம் வீங்கி வெடித்துச் சாகிறது. டெங்கு வைரசும் அதே ஈரலைத்தான் வாட்டுகிறது.

இதற்கு மாற்றுமருந்து அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டதயோனை மறுபடி நிரப்பும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. கண் மஞ்சளாகும்வரை காத்திராமல் வாந்தியோடேயே ஓடினீர்களே, அதுதான் பெரிய காரியம். பிழைத்த கலங்கள் பெருகி ஈரல் மீண்டும் வளரும்.

டெங்குவுக்கு டைக்ளோபினாக், இபுபுரோபன் மட்டும் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.