ஸ்கேனில் தெரியாத மறதி

கேள்வி: ஏலத்தோட்ட ஜீப்பிலிருந்து விழுந்ததில் என் கணவருக்குத் தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் காய் எடை போட்ட கணக்கு மறக்கிறது; எரிந்து விழுகிறார். எச்.ஐ.வி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறார். எது காரணம்?
ஒரு வாசகி, தேவாரம்

பதில்: இரண்டுமே இருக்கலாம். எச்.ஐ.வி. தொற்றிய சில வாரங்களிலேயே மூளைக்குள் போய்விடும். அங்குள்ள காவல் செல்களில் குடியேறி அழற்சியை மூட்டும். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை வந்தபின் கடுமையான பாதிப்பு அரிது. யோசனை மந்தமாவது சிலருக்கு மிஞ்சுகிறது. தலைக்காயமும் ஏறக்குறைய இதையே செய்யும். விழுந்த அன்றே மாறினாரா, முன்பிருந்தே மெல்ல மெல்லவா? டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். பதில் உங்களிடம் இருக்கிறது.

ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும், வேலையை அல்ல. அதற்கு நரம்பு உளவியல் சோதனை வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் ஷோபினி ராவ் குழுவினர் 2004இல் நம் மக்களுக்கென்றே ஒன்றை வகுத்தார்கள். 15 சொற்களைத் திரும்பத் திரும்ப வாசித்து, நினைவிருப்பதைச் சொல்லச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குத் தனி அளவுகோல் உண்டு. வெளிநாட்டுக் கேள்வித்தாளை வைத்து நம்மூர்க்காரரை மந்தம் என்று முத்திரை குத்தும் அநியாயம் இதில் இல்லை.

க.விலக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். எச்.ஐ.வி.யை டாக்டரிடம் மறைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ரகசியத்தைக் காக்கிறது. மாத்திரையை நிறுத்தவே கூடாது. தலைவலி கூடினாலோ, வாந்தி, அரைமயக்கம் வந்தாலோ அன்றே ஓடுங்கள்: கசிந்த ரத்தம் சில வாரம் கழித்தும் ஸ்கேனில் தெரியவரும்.