அம்மாவின் கோபத்துக்குக் காரணம் என்ன?



எங்கள் வீடுகள் பலவற்றில் நடக்கும் ஒரு காரியத்தை முதலில் நினைத்துப் பாருங்கள்.

47 வயதுத் தாய் ஒருவர். காலையில் எழும்போதே களைப்பு. நடுச்சாமத்தில் உடல் கொதித்து, உடுப்பு நனையுமளவுக்கு வியர்ப்பதால் இரவில் நித்திரை இல்லை. அடுப்பில் வைத்த கறியை மறந்துவிடுகிறார். மகள் ஒரு சொல் சொன்னால் எரிந்து விழுகிறார். பிறகு குசினிக்குள் தனியே நின்று அழுகிறார். ஞாயிறு பூசையிலே திடீரென முகம் சூடேறி வியர்க்க, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வெளியே போய் நிற்கிறார். "அம்மாவுக்கு இப்ப எதுக்கெடுத்தாலும் கோபம்" என்கிறார்கள் பிள்ளைகள். கணவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். தாயோ தமக்குப் பொறுமை அற்றுவிட்டது என்று எண்ணி, ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் அதே கோபத்தையே சொல்லி வருகிறார்.

இந்தத் தாய்க்குத் தேவையானது முதலில் ஒரு விளக்கம். அவருடைய உடலில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அதை அவருக்கும் எவரும் சொல்லவில்லை, வீட்டாருக்கும் சொல்லவில்லை.

உடலில் நடப்பது என்ன?

பெண்ணின் சூலகங்கள் ஈஸ்திரோஜன் முதலான ஓமோன்களைச் சுரக்கின்றன. நாற்பது வயதைக் கடந்தபின், பெரும்பாலும் நாற்பதுகளின் நடுப்பகுதியில், இச்சுரப்பு ஒழுங்கு தவறுகிறது. ஒரு மாதம் கூடும். மறு மாதம் குறையும். மாதவிடாய் முந்தியோ பிந்தியோ வரும். இந்த மாறுகாலம் சிலருக்குச் சில மாதங்களில் முடியும். பலருக்கு நான்கைந்து ஆண்டுகள், சிலருக்கு அதைவிடக் கூடவும் நீடிக்கும். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், அது முற்றாக நின்றுவிட்டது என வைத்தியர்கள் கொள்வார்கள்.

ஈஸ்திரோஜன் ஏறி இறங்கும்போது, உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. சிறு சூட்டையும் பெருஞ்சூடாக எண்ணி, உடலைக் குளிரவைக்க முயல்கிறது. அதனாலேயே திடீர் வெப்பமும் வியர்வையும் வருகின்றன. நித்திரை குழம்புவதால் மறதியும் எரிச்சலும் கூடுகின்றன. மூட்டுநோ, நெஞ்சுப் படபடப்பு, மனச்சோர்வு, அடிக்கடி சலம் போதல், தாம்பத்திய உறவின்போது வறட்சியும் நோவும் ஆகியனவும் வரலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. ஒன்றும் தெரியாமலே இக்காலத்தைக் கடப்பவர்களும் உண்டு.

தம்பதியர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மாதவிடாய் முற்றாக நிற்கும்வரை கர்ப்பம் தரிக்க இடமுண்டு. மாதவிடாய் ஒழுங்கு தவறியபின் பழைய நாட்கணக்கை நம்பியிருக்க முடியாது.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

"நிற்கிற காலம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சில அறிகுறிகளை விட்டுவிடுகிறோம். இதில்தான் ஆபத்து இருக்கிறது. பின்வருவனவற்றுக்குத் தாமதமின்றி வைத்தியரைக் காண வேண்டும்:

1. மணிக்கொரு தரம் துணி மாற்றுமளவு இரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், அல்லது ஏழு நாட்களுக்கு மேல் நீடிக்கும் போக்கு. இதனால் கடும் இரத்தச்சோகை வரலாம்.

2. இரு மாதவிடாய்க்கு இடையிலோ, தாம்பத்திய உறவின் பின்னோ இரத்தம் காணுதல்.

3. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தமாயினும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும். காலத்தோடு கண்டால் குணப்படுத்தலாம்.

4. 40 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றுவிடுதல்.

5. வாழ்வதில் வெறுப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம். இதை மறைக்கவே வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துடன் பேசலாம்.

களைப்புக்கு இரத்தச்சோகை, நீரிழிவு, தைரொயிட் நோய் ஆகியனவும் காரணமாகலாம். ஆகவே ஊகிக்காமல் சோதித்துப் பார்ப்பது நல்லது.

எங்கே போவது?

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் கதையுங்கள். பிள்ளைப்பேற்றுக் காலத்தில் வீடு தேடி வந்தவர்தான் அவர். அவரிடம் கூச்சம் வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடைபெறுகிறது. 1996 முதல் இலங்கையில் நடந்துவரும் இந்தச் சேவை இலவசமானது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் அங்கு போக வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். போகுமுன் மாதவிடாய் வந்த தேதிகளையும் உங்கள் உபாதைகளையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால், வைத்தியருக்கு விளங்கப்படுத்துவது சுலபம்.

உபாதை கடுமையானால் ஓமோன் வைத்தியம் உண்டு. 2002 இல் அமெரிக்க ஆய்வொன்று இதைப்பற்றிப் பெரும் பயத்தை உண்டாக்கியது. அதில் பங்குபற்றிய பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் குறைந்த, சுகமுள்ள பெண்களுக்கு பெரும்பாலும் ஆபத்தைவிட நன்மையே கூட என்பது பின்னர் தெளிவாகியது. ஆனால் மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. ஓமோன் அல்லாத மருந்துகளும் உண்டு. எதையும் வைத்தியரைக் கேளாமல் பாவிக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

பருத்தி உடுப்பு அணியுங்கள். படுக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். கடும் உறைப்பும், மாலைக்குப்பின் குடிக்கும் தேத்தண்ணீரும் கோப்பியும் சிலருக்கு வெப்பத்தைத் தூண்டும், குறைத்துப் பாருங்கள். ஈஸ்திரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். ஆகவே நெத்தலி போன்ற முள்ளோடு உண்ணும் சிறுமீன், குரக்கன், எள்ளு, முருங்கையிலை, தயிர் ஆகியவற்றைச் சேருங்கள். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடவுங்கள்.

சொல்வதும் கேட்பதும்

தாய்மாரே, இவற்றையெல்லாம்விட உங்களுக்குக் கடினமானது வாய்திறந்து சொல்வதுதான். நீண்ட பேச்சு வேண்டாம். "இஞ்சாருங்கோ, எனக்கு மாதவிடாய் நிற்கிற காலம் வந்திட்டுது. இரவிலை நித்திரை இல்லை. நான் கோபப்பட்டால் உங்களிலை வெறுப்பெண்டு நினையாதையுங்கோ" என்றால் போதும்.

கணவன்மாரே, அப்போது பத்திரிகையைக் கீழே வையுங்கள். "எல்லாப் பொம்பிளையளுக்கும் வாறதுதானே" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். "நாளைக்கு நானும் கிளினிக்குக்கு வாறன்" என்று சொல்லுங்கள். தாம்பத்திய உறவில் மனைவி விலகினால், அது நோவினாலா என்று அன்பாகக் கேளுங்கள், அதற்கும் மருந்துண்டு. பிள்ளைகளே, இரவுச் சமையலையும் பாத்திரம் கழுவுவதையும் நீங்கள் பொறுப்பெடுங்கள். மாமிமாரே, நீங்கள் இதைக் கடந்து வந்தவர்கள். உங்கள் மருமகளிடம் அதைச் சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய ஆறுதல்.

குடும்பமாகச் சிந்திக்க

1. எங்கள் வீட்டில் அம்மா கடைசியாக எப்போது முழு இரவும் நித்திரை கொண்டார்? எவராவது கேட்டோமா?

2. அவருடைய வேலைகளில் எதை நாளை முதல் வேறொருவர் செய்யலாம்?

3. அவர் கிளினிக்குக்குப் போகும் நாள் எது? அவரோடு போகப்போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு இன்றே ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள்.