ஓலைப்பெட்டி தரும் பாடம்

நெகிழி உறையைக் குறைத்தல் தூத்துக்குடிக் கரையின் சிறுவணிகர்க்குப் புதிய பாடமன்று. மறந்துபோன பாடமே எனலாம். உடன்குடிக் கருப்பட்டி நெடுங்காலம் பனையோலைப் பெட்டிகளில் அடைபட்டே வெளியூர் சென்றது. மணப்பாட்டுப் பெண்களின் ஓலைமுடைதல் இன்றும் பெயர்பெற்றது.

ஆயினும், எல்லாப் பண்டத்திற்கும் ஓலை ஒத்துவராது. முந்திரியும் சீனியும் முட்டை வெண்கருவும் சேர்ந்த மக்ரூன், கடற்காற்றின் ஈரம் பட்டால் நமுத்துவிடும். ஆகவே, வணிகர் முதலில் வினவ வேண்டியது, “இவ்வுறை பண்டத்தைக் காக்கிறதா, வெறும் வழக்கமா?” என்பதே. காக்கும் உள்ளுறை இருக்கட்டும்; அதன்மேல் நெகிழிக் கைப்பை வேண்டா. அன்றே உண்பார்க்குக் காகிதப் பொட்டலம் போதும். சொந்த டப்பா கொணர்வோர்க்கு விலையில் சிறிது குறைக்கலாம். சரக்கு வந்த அட்டைப்பெட்டியையே அனுப்புதற்கும் பயன்படுத்தலாம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்தது. சட்டத்தினும் அணுக்கமான காரணம் நமக்குண்டு. முத்துக்குளித்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. நம் கடைவாசலில் பறக்கும் பை சென்றடைவது அக்கடலையே.

ஒரு வாரம் செலவாகும் பைகளைக் கணக்கெழுதிப் பாருங்கள். குறைக்க வேண்டியது எதுவென அக்கணக்கே காட்டும்.