நடவுக்கு எத்தனை ஆள்? வரப்பில் நின்று போடும் கணக்கு

நாற்று தயார், ஆள்தான் போதவில்லை. நடவுக் காலத்தில் உழவர் பெருமக்கள் பலரும் கூறும் குறை இது. கணக்குப் போடுவதால் ஆள் கிடைத்துவிடாது. ஆனால் எத்தனை ஆள் குறைகிறது, அதனால் நடவு எத்தனை நாள் தள்ளிப் போகும் என்பதை முன்னதாகவே அறிந்து கொள்ளலாம். பள்ளியில் படித்த எதிர் விகிதமும் பின்னமும் இதற்குப் போதுமானவை.

உங்களிடம் 4 ஏக்கர் வயல் இருப்பதாகக் கொள்வோம். குறுகிய கால நெல் இரகம். நாற்றின் வயது 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டு முடிக்க வேண்டும். வயது கடந்த நாற்றில் தூர் கட்டுவது குறையும். ஆகவே உங்கள் கையில் இருப்பது 5 நாட்கள்.

நாற்றுப் பறிக்கவும் நடவும் சேர்த்து ஏக்கருக்கு 15 ஆட்கள் என்று வைத்துக் கொண்டால், மொத்த வேலை 4 × 15 = 60 ஆள்நாள். இந்த 60 மாறாது. 12 பேர் வந்தால் 60 ÷ 12 = 5 நாள்; 20 பேர் வந்தால் 3 நாள். ஆள் கூடினால் நாள் குறையும், ஆள் குறைந்தால் நாள் கூடும். இதுவே எதிர் விகிதம். நாட்கூலியானால் இரு வகையிலும் 60 கூலிதான். ஆளைக் குறைத்தால் கூலி மிச்சம் என்று எண்ணுவது தவறு. அதற்காக 60 பேரை ஒரே நாளில் இறக்கிவிடவும் முடியாது. பறித்த நாற்று வந்து சேரும் வரை பாதிப் பேர் வரப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

12 பேருடன் 18-ஆம் நாள் தொடங்குகிறீர்கள். இரண்டு நாளில் 24 ஆள்நாள் வேலை முடிந்தது. அதாவது 24/60 பங்கு. தொகுதி, பகுதி இரண்டையும் 12-ஆல் வகுத்துச் சுருக்கினால் 2/5. மீதி 3/5 பங்கு, 36 ஆள்நாள். அன்று மாலை மூன்று பேர், உறவில் ஒரு கல்யாணம் என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். 36 ÷ 9 = 4 நாள். கடைசி நடவு 23-ஆம் நாளில் விழும். எனவே அன்றிரவே மூன்று பேருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பின்னத்தைச் சுருக்கியதில் இன்னொரு பயனும் உண்டு. 4 ஏக்கரில் 2/5 பங்கு என்பது 1 ஏக்கர் 60 சென்ட். மூன்றாம் நாள் காலை வரப்பில் நின்று பாருங்கள். 1 ஏக்கர் 20 சென்ட்தான் நட்டிருக்கிறதா? அப்படியானால் உங்கள் வயலுக்கு ஏக்கருக்கு 15 ஆள் போதாது. 24 ÷ 1.2 = 20 ஆள் ஆகிறது. மீதி 2 ஏக்கர் 80 சென்ட்டுக்கு 56 ஆள்நாள். மூன்று நாளில் முடிக்க 56 ÷ 3 = 18 2/3. முக்கால் ஆள், அரை ஆள் என்று கிடையாதல்லவா? 19 பேர் வேண்டும். வரப்புக் கணக்கில் பின்னம் வந்தால் எப்போதும் மேலே உள்ள முழு எண்ணையே கொள்ள வேண்டும்.

வேகம் வேறுபடும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். ஒரு வயலுக்கு நீர் கட்ட உங்கள் மின் மோட்டாருக்கு 4 மணி நேரம், பக்கத்துக் கிணற்று ஆயில் என்ஜினுக்கு 12 மணி நேரம். இரண்டும் ஓடினால்? கூட்டி 16, சராசரி 8, அதில் பாதி 4 மணி என்பார்கள். மோட்டார் தனியாகவே 4 மணியில் முடித்து விடுமே! என்ஜின் இறைத்த நீர் எங்கே போயிற்று?

மணி நேரங்களைக் கூட்டக் கூடாது. ஒரு மணியில் முடியும் பங்கைத்தான் கூட்ட வேண்டும். மோட்டார் 1/4, என்ஜின் 1/12. பகுதியைச் சமமாக்கினால் 3/12 + 1/12 = 4/12; சுருக்கினால் 1/3. ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு நிறைவதால் வயல் முழுவதும் நிறைய 3 மணி நேரம் ஆகும்.

இக்கணக்கு தனித்தனிக் கிணறுகளுக்கே பொருந்தும். ஒரே கிணற்றில் இரண்டையும் இறக்கினால் நீர்மட்டம் விரைவில் தாழ்ந்து, இரண்டும் இறைக்கும் அளவு குறைந்துவிடும்.