இளம் புரவியும் குளிர்கால உணவும்

மறைமலை நகரினின்று ஒரகடம் நோக்கிச் செல்லும் பெருவழியின் இருமருங்கும் இக்காலத்தே எந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்து நிற்கின்றன. ஆங்கு உருவாகும் ஊர்திகள் எத்தன்மையவாயினும், அவற்றின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்னும் அளவையாலேயே மக்கள் இன்னும் கூறக் காண்கின்றோம். குதிரையின் பெயரைப் போற்றி வைத்த நாம், குதிரையைப் பேணும் முறையைப் பெரும்பாலும் மறந்தொழிந்தோம்.

எனினும் அவ்விலங்கு நம் நாட்டினின்று முற்றும் நீங்கிற்றில்லை. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் காத்தியவாரி, மார்வாரி முதலிய இனத்துக் குதிரைகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. தொல்காப்பிய மரபியல் குதிரையின் இளமையைக் கன்று என்னும் பெயரால் வழங்கும். உலக வழக்கு குட்டி என்னும். யாமும் உலக வழக்கையே கொள்வோம். ஆடியில் ஒரு குட்டியை வாங்கி வருபவன், சின்னாளில் ஐப்பசி மழையையும், அதன்பின் மார்கழிப் பனியையும் எதிர்கொள்ள வேண்டியவனாகின்றான். தாய்ப்பால் மறந்த அவ்விளம் உயிரைப் பங்குனி வரையில் எங்ஙனம் ஊட்டி வளர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாம்.

பழைய பாடம் ஒன்று

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல்வழியே பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், அவற்றுள் மிகப்பல ஆண்டு கழியுமுன்னரே மாண்டன என்றும் எழுதியுள்ளார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்து அவற்றிற்கு ஊட்டினர் என்பதும், உயர்ந்த ஆண்குதிரைக்கும் உயர்ந்த பெண்குதிரைக்கும் பிறந்த குட்டியும் ஈண்டுக் கால் கோணிச் சிறுத்துப் பயனற்றதாயிற்று என்பதும் அவர் கூற்று. அவருக்குச் சிறிது பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வறுத்த தானியத்தை வெண்ணெயிற் கலந்து கொடுத்தும், காய்ச்சிய ஆவின் பாலைப் பருகுவித்தும், கொழுக்கவேண்டி நாற்பது நாள் முளையிற் கட்டிவைத்தும் குதிரைகளை வளர்த்தனர் என்று வியந்து குறித்தார்.

இவ்விருவரும் வேற்று நாட்டவர். கேள்வியுற்றதையும் கலந்து எழுதியிருத்தல் கூடும். ஆயினும் அவர் காட்டும் ஓவியத்தில் நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அரசர் குதிரைகளைப் பட்டினி போட்டாரல்லர். தமக்கு எவை உயர்ந்த உணவோ அவற்றையே அவற்றிற்கும் கொடுத்தனர். அன்பு இருந்தது, பொருள் இருந்தது, அவ்விலங்கின் உடலமைப்பை அறியும் அறிவே இல்லையாயிற்று.

வயிறும் எலும்பும்

குதிரையின் இரைப்பை அதன் உடலளவை நோக்க மிகச் சிறிது. ஆனால் அதன் குருட்டுக் குடலும் பெருங்குடலும் மிகப் பெரியன. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்து உடலுக்கு வேண்டிய ஆற்றலாக மாற்றுகின்றன. ஆதலின் சிறிது சிறிதாக நாள் முழுதும் மேய்வதே அதன் இயல்பு. ஒரே வேளையில் மிகுந்த தானியத்தைக் கொட்டினால், செரியாத மாப்பொருள் பெருங்குடலை அடைந்து அங்கே அமிலம் பெருக்கும். வயிற்றுச் சூலையும் குளம்பு அழற்சியும் இதன் விளைவுகளாம்.

இனி வளர்ச்சியை நோக்குவோம். நன்கு வளரும் குட்டி ஆறு திங்களில் முழு எடையில் ஏறக்குறையப் பாதியை எய்தும். ஓராண்டில் முழு உயரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எய்தும். அஃதாவது நம் கூதிர், முன்பனி, பின்பனிக் காலங்களாகிய ஆறு திங்களுமே, ஆடியில் வாங்கிய குட்டிக்கு எலும்பு நீளும் காலமாகும். இக்காலத்திற் குறைத்து ஊட்டினால் வளர்ச்சி தடைப்படும். தானியத்தால் விரைந்து கொழுக்கவைத்தால், முற்றாத எலும்பின்மேல் மிகுந்த பாரம் ஏறி மூட்டுகள் வீங்கிக் கால்கள் கோணும். முன்னர்ப் பட்டினியாக விட்டுப் பின்னர்த் திடீரெனப் பெருக ஊட்டுவதோ இவ்விரண்டினும் தீது. சீரான வளர்ச்சியே வேண்டற்பாலது.

எலும்பிற்குச் சுண்ணச்சத்தும் பாஸ்பரஸ் சத்தும் இன்றியமையாதன. சுண்ணச்சத்து பாஸ்பரஸினும் ஒருபோதும் குறைதலாகாது. அதனினும் ஒன்றரை முதல் இரு மடங்கு இருத்தல் நன்று. ஒரு கிலோ அரிசித்தவிட்டில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 15 கிராம். சுண்ணச்சத்தோ ஒரு கிராம் அளவே. தவிட்டையே மிகுதியாகத் தின்ற குதிரை, தன் எலும்பிலுள்ள சுண்ணத்தைக் கரைத்துக் குருதிக்கு ஈடுசெய்யும், முகவெலும்பு வீங்கும். மேனாடுகளில் மாவு ஆலைக்காரரின் குதிரைகளுக்கு இந்நோய் மிகுதியாக வந்தமை நோக்கி, இதனைத் தவிட்டு நோய் என்றே அழைத்தனர். வைக்கோலிலும், கம்பு நேப்பியர் முதலிய சில புற்களிலும் உள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் சுண்ணத்தைப் பிணித்து உடலிற் சேராமற் செய்வதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இக்குறையை நிறைக்கும் பயிருக்கு நம் முன்னோர் குதிரைமசால் என்று பெயரிட்டமை மிகப் பொருத்தமே. புரதமும் சுண்ணமும் ஒருங்கே மிக்க அப்பயிர், நீர் தேங்காத தோட்டக்கால் நிலத்தில் நன்கு விளையும். கொள்ளும் புரதம் மிக்கதே. ஆயினும் அதனைப் பச்சையாகக் கொடாது, ஊறவைத்து வேகவைத்தே கொடுத்தல் வேண்டும்.

குளிரும் மழையும்

பனி உறையும் நாட்டவர் எழுதிய நூல்கள், குளிர்காலத்திற் குதிரைக்கு உணவை மிகுத்துக் கொடுக்க என்று கூறும். அதனை ஈண்டு அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. செங்கற்பட்டுப் பக்கத்து மார்கழி இரவு, நன்கு உண்ட குட்டிக்குக் குளிரே அன்று. நமக்குப் பகை குளிரன்று; ஈரமே. ஆண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றால் இங்கே பொழிகின்றது. நனைந்த உரோமம் வெப்பத்தைக் காக்காது. ஆதலின் மேற்கூரையும் உலர்ந்த தரையும் முதற்கண் வேண்டும். மழைநாளில் வெப்பம் வேண்டுமாயின், தானியத்தை மிகுத்தல் வேண்டா. உலர்புல்லை மிகுத்தல் தகும். நார் குடலிற் புளிக்குங்கால் எழும் வெப்பமே உடலுக்குக் கணப்பாகும்.

ஈரத்தின் இரண்டாம் தீங்கு பூசணம். பூசணம் பூத்த மக்காச்சோளத்தின் நஞ்சு குதிரையின் மூளையைக் கெடுத்துக் கொல்லும். கடலைப் பிண்ணாக்கிற் பற்றும் பூசணம் ஈரலைக் கெடுக்கும். மணம் மாறிய தீவனத்தை எறிவதே சிக்கனம். கோழிக்கும் மாட்டிற்கும் செய்த கலப்புத் தீவனத்தையும் கொடுத்தலாகாது. அவற்றுட் சிலவற்றிற் சேர்க்கும் மொனென்சின் என்னும் மருந்து கோழிக்கு நலம் செய்வது, குதிரைக்கோ உயிர்க்கேடு.

ஒரு கணக்கு

முழு வளர்ச்சியில் 350 கிலோ எய்தத்தக்க இனத்து ஆறுமாதக் குட்டி ஏறக்குறைய 160 கிலோ நிறையுடையது எனக் கொள்வோம். அதற்கு நாளொன்றுக்குச் சுண்ணச்சத்து சுமார் 27 கிராமும், பாஸ்பரஸ் சுமார் 15 கிராமும் வேண்டும். உலர்ந்த குதிரைமசால் 1 கிலோ, நல்ல உலர்புல் 1½ கிலோ, ஓட்ஸ் 900 கிராம், வேகவைத்த கொள்ளு (வேகுமுன் நிறுத்தது) 500 கிராம், டைகால்சியம் பாஸ்பேட் 25 கிராம் என இவற்றைக் கொடுப்பின், அவ்விரண்டு சத்தும் ஏறக்குறைய நிறைவெய்தும், புரதமும் குறையாது. தானியத்தை மூன்று வேளையாகப் பகிர்ந்தளிக்க. உப்பும் தூய நீரும் எப்போதும் எட்டுமாறு வைக்க. தீவனத்தை மாற்றுங்கால் பத்து நாள்களிற் படிப்படியாக மாற்றுக. இஃது எடுத்துக்காட்டே; குட்டிக்குக் குட்டி அளவு வேறுபடுமாதலின், கால்நடை மருத்துவரைக் கலந்து கொள்ளுதலும், குடற்புழு நீக்கத்திற்கு அவர் கூறும் முறையைக் கைக்கொள்ளுதலும் கடன்.

மழை விட்ட பொழுதெல்லாம் குட்டியை வெளியே ஓடவிடுக. ஓடாத காலில் எலும்பு உரம் பெறாது. நாற்பது நாள் முளையிற் கட்டியவர் பிழை நமக்கு வேண்டா. வாரம் ஒருமுறை மார்ச்சுற்றளவை நாடாவால் அளந்து ஏட்டிற் குறித்து, விலா எலும்பைக் கையாற் றடவியும் பார்த்து வருக. விலா கண்ணுக்குத் தோன்றாது, கைக்கு எளிதிற் படுமாயின் ஊட்டம் செவ்விதென்க.

மாணவ நண்பர்களே, பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய நாட்டில், பிறந்த குட்டி கால் கோணி நின்றது என்று ஒரு வழிப்போக்கர் எழுதிச் சென்றார். அச்சொல்லை மாற்ற இன்று வேண்டுவது பொன்னன்று; ஒரு தராசும், ஒரு நாடாவும், ஒரு குறிப்பேடுமே. பேணுவோன் கை எத்துணை ஈகை உடையதாயினும், அளவறியாத ஈகை வளரும் உயிருக்கு ஊறாகவே முடியும். அன்பு அளவறிந்து ஊட்டுமாயின், பங்குனி வெயிலில் அக்குட்டி நேரிய கால்களோடு நிற்றல் உறுதி.