மூளையின் கடிவாளம்

உடுத்திய ஆடையின் உரசல், மின்விசிறியின் ஓசை, சாளரத்தின் வழியே விழும் வெயில், அடுப்படியிலிருந்து வரும் தாளிப்பு மணம் என ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற செய்திகள் மூளையை நோக்கி விரைகின்றன. அவை யாவும் ஒரே உரத்தில் ஒலித்தால், தேர்த்திருவிழாக் கூட்டத்தில் எழும் தனிக்குரல் போல எதுவும் தெளிவுறாது. வேண்டாததை அடக்கினால்தான் வேண்டியது துலங்கும். இவ்வாறு அடக்கும் பணியைச் செய்வன தடுப்பு நரம்பணுக்கள். மூளைப் புறணியிலுள்ள நரம்பணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இவை. இவற்றின் முதன்மையான கருவி காபா என்னும் வேதிப்பொருள்.

காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்பதன் சுருக்கமே காபா. இது மூளையில் இருப்பதை 1950இல் யூஜின் ராபர்ட்ஸ் உள்ளிட்ட அமெரிக்க அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். அதன் பணி அப்போது விளங்கவில்லை. எர்ன்ஸ்ட் ஃபுளோரி என்பவர் மூளைச் சாற்றில் நரம்பணுவின் துடிப்பை அடக்கும் பொருளொன்று இருப்பதைக் கண்டு ஆராய்ந்து வந்தார். அப்பொருளில் செயலாற்றுவது காபாவே என்பது 1957இல் தெரியவந்தது. நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட்டிலிருந்தே, ஒரு நொதியின் துணையால், காபா உருவாகிறது என்பது வியப்புக்குரியது. முடுக்கிவிடும் பொருளே ஒரு சிறு வேதிமாற்றத்தால் கடிவாளமாகிவிடுகிறது.

நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியில் காபா வந்து பொருந்தியதும், குளோரைடு அயனிகள் நுழையும் வாயில் திறக்கிறது. எதிர்மின்னேற்றமுடைய அவ்வயனிகள் உட்புகுவதால், அந்நரம்பணு துடிப்பெழுப்புவது கடினமாகிறது.

தடுப்பு என்னும் சொல் நமக்கு இடையூற்றையே நினைவூட்டும். மூளையிலோ அது உளியின் வேலையைச் செய்கிறது. குதிரைலாட நண்டின் கூட்டுக்கண்ணை ஆராய்ந்த ஹார்ட்லைன், ஓர் ஒளியுணர் அலகு தூண்டப்படும்போது அது தன் அண்டை அலகுகளின் துடிப்பைக் குறைப்பதைக் கண்டார். இதனால் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பு மேலும் எடுப்பாகிறது. 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர். பூனையின் பார்வைப் புறணியில் சில நரம்பணுக்கள் நேர்க்கோட்டுக்கும், வேறு சில சாய்கோட்டுக்கும் மட்டுமே துடிக்கும். காபாவின் செயலை மறிக்கும் பைகுகுலின் என்னும் பொருளை 1975இல் சில்லிட்டோ அங்குச் செலுத்தியபோது, பல நரம்பணுக்கள் அந்தத் தேர்வுத்திறனை இழந்தன. எந்தச் சாய்வில் கோட்டைக் காட்டினாலும் துடித்தன. துடிப்பு மிகுந்தது, தெளிவு போயிற்று. முதுமையில் இதன் மறுபக்கம் தெரிகிறது. வயது முதிர்ந்த குரங்குகளின் பார்வைப் புறணியில் காபாவைச் செலுத்தியபோது, மங்கியிருந்த தேர்வுத்திறன் மேம்பட்டதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதுவரை சொன்னது காண்பதைப் பற்றியது. காணக் கற்பதிலும் காபாவுக்குப் பங்குண்டு என்பது பின்னரே புலப்பட்டது.

பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்தால், பார்வைப் புறணி அக்கண்ணைக் கைவிட்டு மற்றதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பின்னர் அக்கண்ணைத் திறந்தாலும் அதன் பார்வை சீராவதில்லை. வளர்ந்த பூனைக்கு இத்தீங்கு நேர்வதில்லை. 1960களில் ஹூபல், வீசல் இருவரும் கண்டறிந்த இவ்வுண்மையால், மூளைக்குக் கற்கும் பக்குவ காலம் ஒன்று உண்டு என்பது உறுதியாயிற்று. அக்காலத்தின் கதவைத் திறப்பது எது?

1998இல் தகாவோ ஹென்ஷ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத விடையைத் தந்தது. காபாவை உருவாக்கும் நொதிகளுள் ஒன்று இல்லாதவாறு பிறப்பிக்கப்பட்ட எலிகளில், பக்குவ காலத்தில் ஒரு கண்ணை மூடியபோதும் புறணியில் மாற்றம் நேரவில்லை. காபாவின் செயலை வலுப்படுத்தும் டையாசெபாம் மருந்தைச் செலுத்தியதும் மாற்றம் நேர்ந்தது. தடுப்பு போதிய அளவு முதிர்ந்தால்தான் கற்றல் தொடங்குகிறது. குழப்பமான கூச்சலில் எந்தக் கண் தெளிவான செய்தி தருகிறது என்பதை மூளையால் பிரித்தறிய இயலாது என்று எண்ணிப்பார்த்தால், இவ்விடை அத்தனை விந்தையாகத் தோன்றாது.

கதவை அடைப்பதிலும் தடுப்பு நரம்பணுக்களுக்குத் தொடர்புண்டு. வயது ஏற ஏற அவற்றுட் பலவற்றைச் சுற்றி வலை போன்ற உறை படர்கிறது. 2002இல் வளர்ந்த எலிகளின் புறணியில் அவ்வலையை நொதியால் கரைத்தபோது, இளமைக்குரிய நெகிழ்வு மீண்டது. வளர்ந்த உயிரி கற்கவே இயலாது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஓர் ஒலியைத் தொடர்ந்து வலி தரும் அதிர்வைப் பெற்ற எலி, அவ்வொலிக்கு அஞ்சக் கற்கும் வேளையில், கேட்டல் புறணியில் தடுப்பு நரம்பணுக்களையே வேறு தடுப்பு நரம்பணுக்கள் சற்றுநேரம் அடக்கிவைக்கின்றன. கடிவாளம் தளர்ந்த அந்நொடியில் பாடம் பதிகிறது.

பக்குவ காலம் ஆய்வகத்தோடு முடிந்துபோகும் செய்தியன்று. மாறுகண்ணாலோ, ஒரு கண்ணில் மட்டும் மிகுந்த பார்வைக் குறையாலோ, குழந்தையின் மூளை ஒரு கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கினால், அக்கண் நலமாக இருந்தும் பார்வை மந்தமாகிறது. நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மறைத்து மற்றதைப் பழக்கும் மருத்துவம், ஏழு வயதுக்குள் தொடங்கினால் நன்கு பலிக்கிறது. மற்றொரு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை முறையிடுவதில்லை. குறை இருப்பது அதற்கே தெரியாது. பள்ளிகளில் நடைபெறும் கண் பரிசோதனையில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மறைத்துப் பார்ப்பது இதனால்தான்.

பிறவிக் கண்புரையோடு பல்லாண்டுகள் வாழ்ந்த இந்தியச் சிறுவர்களுக்கு அறுவை மருத்துவம் அளித்து, அவர்கள் காணக் கற்பதைப் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் ஆராய்ந்து வருகிறது. பக்குவ காலம் கடந்தபின் பார்வை பெற்ற அவர்களுக்கு முழுக் கூர்மை வாய்ப்பதில்லை. கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுகொள்ளவும் தொடக்கத்தில் அவர்களால் முடிவதில்லை. சில நாள்களோ வாரங்களோ கழிந்தபின், தொட்டதும் கண்டதும் ஒன்றே என அவர்கள் அறிந்துகொள்கிறார்கள்.